மஸ்கட்டிலிருந்து வந்த திட்டு

சுதாகர் அண்ணா, நீ இருந்திருந்தால் என்னை இதை எழுத விட்டிருக்க மாட்டாய். "உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை, போய் ஷிப்ட்டுக்குக் கெளம்பு" என்று பேனாவைப் பிடுங்கி வைத்திருப்பாய். பிடுங்க ஆள் இல்லாததால்தான் எழுதுகிறேன்.

இது போன வருஷம் நடந்தது. வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பத்தாவதோடு நின்றுவிட்டவள். ஒரகடத்தில் கார்களுக்கு உள்ளே போகிற ஒயர்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் லைனில் நிற்கிறேன். அப்பா வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அம்மா வீட்டில். எங்கள் வீட்டில் படித்தவன் என்றால் அண்ணன் ஒருத்தன்தான். டிப்ளமா சிவில்.

அண்ணன் வேலைக்குக் குவாண்டிட்டி சர்வேயர் என்று பேர். அப்படியென்றால் என்ன என்று எனக்கே ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் தட்டில் சோறு போட்டபடி கேட்டேன். "கட்டடம் கட்டறதுக்கு முன்னாடியே, வெறும் டிராயிங்க வச்சிகினு, இதுக்கு எவ்ளோ செங்கல் வேணும், எவ்ளோ கம்பி வேணும், எவ்ளோ செவுரு பூசணும்னு சொல்றது" என்றான். கட்டி முடித்த பிறகு நிஜமாகவே அவ்வளவுதான் ஆனதா என்று அளந்து பார்ப்பதும் அவன்தான். அவன் கூட்டாளி ஒருத்தன், அதே சைட்டில் கம்பி கட்டும் மேஸ்திரி, அண்ணனை 'ஜோசியரே' என்றுதான் கூப்பிடுவான். "பொறக்காத கட்டடத்துக்கே ஜாதகம் எழுதறான் பாரு" என்பான். அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டு, பொண்ணு கொடுக்க விசாரித்து வந்தவர்களிடம் அப்படியே சொல்லவே, அவர்கள் நிஜமாகவே ஜோசியம் பார்க்கிற பையன் என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

அண்ணனுக்கு இங்கே மனசு நிற்கவில்லை. டிப்ளமாக்காரன் என்பதால் எல்லா வேலையும் அவன் தலையில். காலையில் அளவு, மதியம் ஸ்டோர் சாவி, சாயங்காலம் லேபர் கணக்கு. "அளக்கற வேலைக்கு வந்தவன் சிமெண்ட் மூட்டைக்குக் காவல் காத்துகினு கீறேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான். வெளிநாட்டில் அப்படிக் கிடையாதாம். சர்வேயர் என்றால் சர்வேயர் வேலை மட்டும்தானாம். ராத்திரி பகலாக எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டான். கடைசியில் மஸ்கட்டில் ஒரு பெரிய காண்ட்ராக்ட் கம்பெனியிலிருந்து வீடியோவில் இன்டர்வியூ வந்தது. கேள்வி கேட்டவர் நம் தமிழ்நாட்டுக்காரர், திருநெல்வேலிப் பக்கம். அங்கே அந்த வேலைக்குத் தலைமை அவர்தான். ரொம்ப நேரம் நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "எப்பலே வார?" என்றார். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். நான் சின்னப் பிள்ளை இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டு அவன்தான் ரெண்டு நாள் படுத்தான்.

எங்கள் பக்கம் எதற்கெடுத்தாலும் பேனர் வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். காது குத்தினாலும் பேனர், காலேஜ் சேர்ந்தாலும் பேனர். மேஸ்திரி அண்ணன் சும்மா இருப்பானா? பஸ் ஸ்டாப்பில், ரெண்டு கம்பு நட்டு, கூலிங் கிளாஸ் போட்ட என் அண்ணன் போட்டோவை ஆள் உயரத்துக்கு வைத்துவிட்டான். பின்னால் ஏரோப்ளேன், கீழே அவர்கள் செட்டு முழுக்கச் சின்னச் சின்ன முகம்.

"மெடிக்கல் முடியட்டும்டா, அப்புறம் வைக்கலாம்" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

"உனுக்கு இன்னாடா மெடிக்கலு, கல்லு மாதிரி கீற. டாக்டரே உன்னப் பாத்துட்டு எக்சர்சைஸ் பண்ணுவாரு" என்றான் மேஸ்திரி அண்ணன்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அதற்கென்றே இருக்கிற இடத்தில் உடம்பைக் காட்டி, 'ஃபிட்' என்று வாங்கினால்தான் விசா. அண்ணனுக்கு 'அன்ஃபிட்' என்று வந்தது. ரத்தத்தில் ஏதோ ரொம்ப ஏறியிருக்கிறது, கிட்னி டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனுக்குக் கொஞ்ச நாளாகவே கால் வீங்கிக்கொண்டுதான் இருந்தது. சைட்டில் போடுகிற ஷூ கடிக்கிறது என்று நினைத்து நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு நான் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினபோது, அவன் எனக்கு முன்னாலேயே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, தன் பேனருக்கு நேர் கீழே நின்றிருந்தான். கையில் ரிப்போர்ட். என்ன ஆச்சு என்று நான் கேட்பதற்குள் மேலே பார்த்து, "பாப்பா, போட்டோல நல்லாத்தான் கீறேன் இல்ல?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லாத்தான் கீற" என்றேன்.

ரெண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கையில் நரம்பைச் சேர்த்து ஆபரேஷன் செய்து, வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். கிட்னி கொடுக்கலாம் என்றால் எங்கள் ரத்தம் ஒன்றும் அவனுக்குப் பொருந்தவில்லை. கிட்னிக்கு எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள்.

பேனரைக் கழற்ற மேஸ்திரி அண்ணன் வந்தான். அழுதுகொண்டே கழற்றினான். அண்ணன் அவன் பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், கிழிக்காதடா. ஷீட்டு நல்லா கீது. எங்கூட்டு பாத்ரூமுக்குக் கூரை ஓட்டை, அதுமேல போட்டுடலாம்."

மேஸ்திரி அண்ணன் தலையை ஆட்டினான்.

"மூஞ்சி மேல்பக்கமா இருக்கற மாதிரி போடு. உள்ள பாத்த மாதிரி போட்டுட்டன்னா எங்கம்மா குளிக்க வராது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மேஸ்திரி அண்ணன் சிரிக்கவில்லை. "சரி சுதாகரு" என்றான், மெதுவாக. அதுவரைக்கும் அவன் வாயில் 'சுதாகர்' என்ற பேரை நான் கேட்டதே கிடையாது. அண்ணன் முகம் அப்போதுதான் மாறினது.

அதற்குப் பிறகு எல்லோரும் அப்படி ஆகிவிட்டார்கள். அம்மா அவனிடம் ரகசியம் பேசுவது போலப் பேசியது. பக்கத்து வீட்டு அக்கா மிக்ஸி போட்டால்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு போட்டார். என் அப்பா வாய் திறந்தாலே வசவுதான், ஷூவை எங்கே கழற்றிப் போடுகிறான், வண்டியை எங்கே நிறுத்துகிறான் என்று பிடித்து ஏசுகிற ஆள். அவர் ட்யூட்டி முடிந்து வந்து, வாசலிலேயே செருப்பைச் சத்தம் இல்லாமல் கழற்றி, "சாப்டியா நைனா?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "இந்த ஆளு யாரு பாப்பா? நம்ம அப்பாவை எங்க வச்சிட்டாங்க?" என்றான். ராத்திரி படுத்திருக்கும்போது வேறு மாதிரிச் சொன்னான்: "நான் இன்னும் சாவல. ஆனா வூடு முழுக்க சாவு வூட்ல பேசற மாதிரி பேசிகினு கீறீங்க."

நானும் அப்படித்தான் இருந்தேன். டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டு முடியைப் பிடித்து இழுக்கிற ஆள் நான். "நீயே வச்சிக்கோண்ணா" என்று கொடுத்துவிட்டுப் போனேன். அன்பாக நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மஸ்கட் சாருக்கு அவனே போன் போட்டு, மெடிக்கலில் போய்விட்டது என்று சொல்லிவிட்டான். அந்த சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாராம். பிறகு, "தம்பி, வீட்ல லேப்டாப் இருக்கா?" என்று கேட்டாராம். இங்கே ஆள் பத்தவில்லை, டிராயிங் அனுப்புகிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே அளந்து கொடு, வேலை ஒன்றும் நிற்காது என்று சொல்லிவிட்டார். யாரென்றே தெரியாத மனிதர். எங்களுக்குக் கும்பிடத் தோன்றியது.

அவன் கட்டில் பக்கத்தில் ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். இடது கையில் வெயிட் வைக்கக் கூடாது என்பதால் வலது கையாலேயே எல்லாம் செய்வான். மஸ்கட்டில் நாலு மாடிக் குடியிருப்பு. ஒவ்வொரு ரூமாக அளப்பான். நான் ஷிப்ட் முடிந்து வந்தால், "வா, நம்ம மூணாவது மாடிக்குப் போலாம்" என்று கூப்பிடுவான். எங்கே கிச்சன், எங்கே பால்கனி என்று காட்டுவான். அவன் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது போல இருந்தது.

அது ஒரு மாசம்கூட நிற்கவில்லை.

மேஸ்திரி அண்ணன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவன் நல்ல மனசோடுதான் சொன்னான். "அந்த சாரு நல்ல மனுசன் சுதாகரு. உனுக்குப் பொழுது போவணும்னு அனுப்பிகினு கீறாரு பாரு."

அவன் போன பிறகு அண்ணன் மெயிலைத் திறந்து வரிசையாகப் பார்த்தான். ஒவ்வொரு தடவை அளவு அனுப்பினபோதும் அந்த சார் ஒரே பதில்தான் எழுதியிருந்தார். 'நல்லது தம்பி. உடம்பப் பாத்துக்க.'

"பாப்பா, இதை எவனும் தொறந்தே பாக்கல."

"ஏண்ணா அப்படிச் சொல்ற? நல்லதுன்னு போட்டிருக்காரு."

"அதான். எங்க வேலைல ஒருத்தன் அளந்தா இன்னொருத்தன் செக் பண்ணுவான். இது ஏன் இப்படி எடுத்த, அது எங்க வுட்டுட்டன்னு கேள்வி வரும். எவ்ளோ பெரிய கில்லாடி அளந்தாலும் நாலு கேள்வி வரும். எனுக்கு ஒரு கேள்விகூட வரல." லேப்டாப்பை மூடினான். "குழந்தைக்கு சொப்பு சாமான் குடுப்பாங்க இல்ல, அந்த மாதிரி குடுத்திருக்காரு."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த டயாலிசிஸுக்கு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அவன் வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா காலைப் பிடித்தது. அப்பா, "கண்ணு, எழுந்திருப்பா" என்று கெஞ்சினார். எங்கள் அப்பா கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அது இன்னும் மோசமாகப் போனது. "வுடுங்க. உக்காந்து உக்காந்து இன்னா பண்ணப் போறேன்?" என்று மட்டும் சொன்னான். ஆட்டோ திரும்பிப் போனது.

டயாலிசிஸ் ஒரு தடவை விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். உடம்பில் தண்ணீர் ஏறும், நெஞ்சை அடைக்கும். மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவனால் படுக்க முடியவில்லை. தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்துகொண்டு வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் வரமாட்டேன் என்றான்.

லைனில் எனக்கு வேலையே ஓடவில்லை. சிவப்பு ஒயர் போக வேண்டிய இடத்தில் கறுப்பைச் செருகிச் செருகி சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "இன்னாம்மா, கண்ணு எங்க கீது?" என்று எல்லோர் எதிரிலும் கத்தினார். வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அன்றைக்கு என்னமோ அந்தக் கத்தல் எனக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. கை சரியாக ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த சார் நம்பர் என்னிடம் இருந்தது. அவ்வளவு பெரிய ஆளிடம் நான் பேசினதே இல்லை.

"சார், சுதாகர் தங்கச்சி பேசறேன்."

"சொல்லு தாயி. தம்பி எப்படி இருக்கான்?"

"சார், அவன் அனுப்பறத நீங்க தொறந்து பாக்கறீங்களா?"

அந்தப் பக்கம் இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. "பாக்கலம்மா. இங்க நம்ம பயலுவளே அத அளந்து முடிச்சாச்சு. புள்ள சும்மா இருந்தா மனசு ஒடஞ்சிருவானேன்னுதான்..."

"அது அவனுக்குத் தெரிஞ்சிடுச்சு சார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறான். மூச்சு வாங்குது சார் அவனுக்கு." எனக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க எல்லாரும் அவங்கிட்ட மெதுவாவே பேசறோம் சார். அதுதான் சார் அவனைக் கொல்லுது. நீங்களாச்சும் அதைத் தொறந்து பாருங்க சார். தப்பு இருந்தா கேளுங்க. நல்லா கேளுங்க சார்."

மணி அடித்துவிட்டது. 'வைக்கிறேன் சார்' என்றுகூடச் சொல்லாமல் கட் பண்ணிவிட்டு ஓடினேன். ஒரு பெரிய மனிதரிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று சாயங்காலம் வரைக்கும் அதே நினைப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணன் போன் அடித்தது. மஸ்கட் நம்பர். "எடுக்காத" என்றான் அண்ணன். நோயாளியைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்து அம்மாவே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவன் பக்கத்தில் வைத்தது.

"ஏலே சுதாகர்! என்னத்தலே அளந்து வச்சிருக்க?"

வீடே அதிர்ந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"சார்..."

"என்ன சாரு? பூச்சு அளவு அம்புட்டும் தப்பு! ஜன்னலுக்கு ஒரு பக்கம் மட்டும் கழிச்சிருக்க. கதவுக்கும் அப்படியே. நாலு மாடிக்கும் அதே கூத்து. கண்ணு மொகத்துல இருக்கா, பொடதில இருக்கா?"

அண்ணன் தலையணையிலிருந்து முதுகை எடுத்தான். "சார், நம்மூர்ல அப்படித்தான் சார் எடுப்போம். ஒரு பக்கம் கழிக்காம வுடறது ஜன்னல் ஓரத்துப் பூச்சுக்குச் சரியாப் போயிடும்..."

"ஒங்க ஊரு சட்டத்த ஒங்க ஊர்லயே வச்சிக்க! இங்க ரெண்டு பக்கமும் கழிக்கணும், ஓரத்தத் தனியா எடுத்துக் காட்டணும். மொத மெயில்லயே எழுதிப் போட்டிருக்கேம்லா? படிச்சியா, இல்ல வடை மடிச்சுத் தின்னியா? இத நம்பி நான் ஆர்டர் போட்டிருந்தா என் வேலை போயிருக்கும்லே!"

அதாவது, ஒரு சுவரை ரெண்டு பக்கமும் பூசினால், நடுவில் ஜன்னல் இருக்கிற இடத்தில் பூச்சு கிடையாது, அதைக் கழிக்க வேண்டும். நம் ஊரில் ஓரளவு அளவுள்ள ஜன்னலுக்கு ஒரு பக்கம்தான் கழிப்பார்களாம். இன்னொரு பக்கத்தை, ஜன்னலைச் சுற்றி உள்ளே மடிகிற ஓரத்தைப் பூசுவதற்கு ஈடாக விட்டுவிடுவார்களாம். அண்ணன் கை அதற்கே பழகிப்போய், மஸ்கட் கட்டடத்தையும் ஒரகடம் கட்டடம் மாதிரியே அளந்து வைத்துவிட்டான். இதெல்லாம் பிறகு அவன் எனக்குச் சுவரைத் தட்டித் தட்டிச் சொன்னது.

அப்போது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா இந்தாளு, நோவுல கெடக்கற புள்ளைய இப்படி ஏசறாரு" என்று போனை அணைக்கக் கையை நீட்டியது. அண்ணன் அம்மா கையைப் பிடித்துத் தள்ளினான்.

"சார், நாளைக்குள்ள திருத்தி அனுப்பிடறேன் சார்."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற. நாளன்னைக்கு அனுப்புத. கேட்டுக்க, இது நாங்க ஏற்கெனவே அளந்த கட்டடம், பொழச்ச. அடுத்த பிளாக்க எங்க பயலுவ தொட மாட்டானுவ. நீ மட்டும்தான் அளக்க. நீ விட்டா விட்டதுதான். அங்க இந்த மாதிரி கோட்டை விட்டன்னா, ஃப்ளைட் புடிச்சு வந்து ஒதைப்பேன்."

போன் கட் ஆனது. அண்ணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழப் போகிறான் என்று நான் பயந்தேன்.

"பாப்பா! அந்த லேப்டாப்ப எடு. தப்பு வுட்டுட்டேன்டி!"

பரீட்சையில் பாஸ் ஆனதைச் சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஃபைல் திறக்கிற வரைக்கும் என்னையே பார்த்தான்.

"நீதான போன் போட்ட?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாண்ணா."

"கழுத." டிராயிங்கில் இருந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். "சரி, போன் நீ போட்டது. தப்பு என்னுதுதான?"

மறுநாள் அவனே எழுந்து, எனக்கு முன்னால் கிளம்பி, ஆட்டோவுக்குக் காத்திருந்தான். அவன் அன்றைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த வாரம் தாண்டியிருக்க மாட்டான் என்று பிறகு நர்ஸ் அக்கா அம்மாவிடம் சொன்னார்.

அந்தத் திட்டுக்குப் பிறகு எங்கள் வீடு திரும்பி வந்துவிட்டது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் ஊறுகாய் எடுத்துத் தின்றான், அம்மா கரண்டியோடு துரத்தியது. உப்பு ஆகாது என்று அத்தனை நாளும் அழுது சொன்ன அம்மா, அன்றைக்குத்தான் கத்திச் சொன்னது. அப்பா பழையபடி, "லைட்ட அணைக்க மாட்டியா? ஈபிக்காரன் உன் மாமனாரா?" என்று ஆரம்பித்தார். மேஸ்திரி அண்ணனிடம் அண்ணனே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை சுதாகருன்னு கூப்ட்டின்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." ரொம்ப நாள் கழித்து வாசலில் "ஜோசியரே!" என்று குரல் கேட்டது. நான் ரிமோட்டைப் பிடுங்கினேன்.

டயாலிசிஸ் போகும்போது டிராயிங்கைப் பெரிய பேப்பரில் எடுத்துக்கொண்டு போவான். பக்கத்து பெட்காரர், "இன்னா தம்பி மேப்பு?" என்று கேட்டால், "மஸ்கட்ல வூடு கட்டிகினு கீறேன், வாடகைக்கு வரியா?" என்பான். அந்த சாரும் சும்மா விடவில்லை. தினமும் கேள்வி. இது ஏன், அது எங்கே. ரெண்டு பேரும் போனில் கத்திக்கொள்வதைக் கேட்டால் தெருவே கைகலப்பு என்று நினைக்கும். "சார், நீங்க சொல்றது தப்பு சார்!" என்று இவனும் கத்துவான். ஒருமுறை அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அண்ணன் செலவில் பிரியாணி. அவன் தின்னவில்லை, நாங்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அடுத்த பிளாக்கை முழுசாக அளந்து முடித்து அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு மார்கழியில் ஒரு காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியவில்லை. அவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தோம், அவ்வளவுதான்.

எடுக்கிற நேரத்தில் அவன் போன் அடித்தது. என் கையில்தான் இருந்தது. மஸ்கட் நம்பர். அவருக்கு நாங்கள் சொல்லவே மறந்துவிட்டோம். எடுத்தேன். "ஏலே, ரெண்டு நாளா மெயிலுக்குப் பதிலக் காணோம்..." என்று ஆரம்பித்தவர், பின்னால் அடிக்கிற மேளத்தைக் கேட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டார். நானும் பேசவில்லை. அவரும் கட் பண்ணவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்த போன் என் காதிலேயே இருந்தது. அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அண்ணனைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது என்றார்கள். கேட்கக் கேட்க எனக்கு அது யாரோ என்று தோன்றியது. என் அண்ணனிடம் ஆயிரம் குறை இருந்தது.

போன மாசம் அந்த சார் மறுபடி கூப்பிட்டார். அண்ணன் அளந்த பிளாக்கில் பூச்சு வேலை முழுசாக முடிந்துவிட்டதாம், சொல்லலாம் என்று கூப்பிட்டாராம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன்.

"சார், அவன் சொன்ன அளவு சரியா வந்துச்சா?"

"உள்ளதச் சொல்லட்டா தாயி?"

"சொல்லுங்க சார்."

"மத்ததெல்லாம் அச்சா நின்னுச்சு. படிக்கட்டுக்கு அடிப்பக்கம் இருக்கு பாரு, கீழ நின்னு அண்ணாந்து பாத்தா தெரியுமே, அத ஒங்க அண்ணன் எடுக்கவே இல்ல. சுத்தமா கோட்டை விட்டுட்டான். நானும் கவனிக்கல. கடைசில பூச்சுக்குச் சரக்கு பத்தாமப் போய் ஓடுனோம்." குரல் கொஞ்சம் உடைந்தது. "இருந்திருந்தான்னா இன்னைக்கு நல்லா வாங்கியிருப்பான்."

நான் சிரித்துவிட்டேன். அவன் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவை. சிரிப்பு எப்போது அழுகையாக ஆனது என்று தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "இன்னாடி, யாரு, இன்னா சொல்றாங்க?" என்றது. "அண்ணன் படிக்கட்ட வுட்டுட்டானாம்மா" என்றேன். அம்மா என்ன புரிந்துகொண்டதோ, "அவன் எப்பவுமே அப்படித்தான், அவசரக்குடுக்கை" என்றது. பிறகு ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அவனை ஒரு மணி நேரம் திட்டினோம். அவன் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது.

மஸ்கட்டை நான் பார்த்தது கிடையாது, அவனும் பார்க்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கட்டடத்தில் யாரோ படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், அதன் ஒவ்வொரு சுவரையும் என் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையால் அளந்திருக்கிறான், படிக்கட்டுக்கு அடியைத் தவிர. சாகிற வரைக்கும் அவனை வேலை செய்கிற மனுஷனாக வைத்திருந்த அந்தத் திட்டை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். இதைப் படிக்கிற நீங்கள் எந்த சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ தொழும்போதோ, என் அண்ணன் சுதாகருக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.